ஏழாவது ரொட்டி யாருக்கு

என் அம்மாவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர், ஐந்தும் பெண். அதில் நாலாவது சித்தியின் மூத்த மகனைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். எனக்குத் தம்பி முறை. பிறந்தபோதே குரல் பெரிசு. "இவன் ரயில்வே ஸ்டேஷன்ல மைக் இல்லாம வேலை பார்ப்பான்" என்பார் சித்தப்பா. கடைசியில் அவன் போய் உட்கார்ந்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லிஃப்ட்டுக்குள். வயசெல்லாம் அதிலேயே ஏறி இறங்கினான். "மேலயும் கீழயும் போனதைச் சேர்த்து வெச்சா நிலாவைத் தொட்டுட்டு வந்திருப்பேன் அக்கா. ஆனா ஒரு தெருகூட தாண்டலை" என்று சிரிப்பான்.

பழைய லிஃப்ட். உள்ளே மடக்குக் கம்பிக் கதவு, வெளியே மரக் கதவு. ஒரு நோயாளிக் கட்டிலை உள்ளே தள்ளினால் அதோடு இரண்டு பேர் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கலாம். மூலையில் ஒரு ஸ்டூல். அதற்கு மேலே சுவரில் ஒரு கறுப்பு டெலிபோன். சுழற்ற எண் கிடையாது. எடுத்தால் நேரே டெலிபோன் ரூமில் மணி அடிக்கும். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் கூப்பிட வைத்தது.

அந்த டெலிபோனில்தான் அவனுக்குக் கல்யாணம் முடிவானது என்று சொல்ல வேண்டும். ஒரு மழை நாளில் கரண்ட் போய், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே தனியாக மாட்டிக்கொண்டான். டெலிபோனை எடுத்தான்.

"லிஃப்ட் நின்னுடுச்சுங்க."

"மெக்கானிக்கைக் கூப்பிட்டாச்சு. சாப்பிடப் போயிருக்காராம். பயமா இருக்கா?" என்றது ஒரு பெண் குரல்.

"பயமெல்லாம் இல்லைங்க. ஆனா வைக்காம ஏதாவது பேசிக்கிட்டே இருங்க."

"உங்ககூடப் பேச எனக்கு என்ன இருக்கு? கையில ஒரு புத்தகம் இருக்கு. வேணும்னா வாசிக்கிறேன்."

வாசித்தாள். அந்த முதல் வரியை அவன் எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். 'பேரரசனின் ஆணையைச் சந்தை வாசலில் ஆணி அடித்து மாட்டிய காலையில், எழுதப் படிக்கத் தெரியாத எண்ணெய்க்காரிதான் முதலில் அழுதாள்.' இரண்டு பக்கம் போவதற்குள் கரண்ட் வந்து லிஃப்ட் குலுங்கியது. இவனுக்கு இறங்க மனசில்லை.

"அப்புறம் என்னங்க ஆச்சு அவளுக்கு?"

"அப்புறம் வேணும்னா ஜெப அறை அலமாரியில திருப்பி வைப்பேன். எடுத்துப் படிங்க."

எடுத்துப் படித்தான். திருப்பிக் கொடுக்க டெலிபோன் ரூமுக்குப் போனான். பிறகு என்னிடம் வந்து நின்றான். விசாரித்தால், பெண் வேறு யாருமில்லை, என் மாமியாருடைய அண்ணன் பேத்தி. சின்ன வயசில் அவளுக்கு நான் தலை பின்னிவிட்டிருக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடையாய் நடந்து பேசி முடித்தவள் நான்தான். அதற்குப் பிறகு அவளுக்கு நான் அண்ணி.

ஆஸ்பத்திரியின் ஜெப அறை அலமாரியில் இருந்ததெல்லாம் ஒரே மாதிரிப் புத்தகங்கள். யாரோ எந்தக் காலத்திலோ கொடுத்துவிட்டுப் போனவை. கிறிஸ்தவர்களைத் துரத்தித் துரத்திப் பிடித்த பழைய காலத்துச் சரித்திரக் கதைகள். சிறை, சிங்கம், கொள்ளைநோய், வேதப் புத்தகத்தைத் துணிமூட்டையில் ஒளித்துக் கடல் தாண்டியவர்கள் என்று போகும். "எல்லாரும் கடைசியில சாகத்தானே போறாங்க, இதையே எத்தனை தடவைடி படிப்பே?" என்று கேட்டேன்.

"அது அவங்களுக்கும் தெரியும் அண்ணி. தெரிஞ்சும் காலையில எழுந்து மாவு பிசையறாங்க பாருங்க. அதுக்குத்தான் படிக்கிறேன்" என்றாள்.

அவள் அட்டையிலிருந்து அட்டைவரை படிக்கிறவள். அவனுக்கு அது வாய்க்காது. ஒரு பத்தி முடிப்பதற்குள் எந்த மாடியிலாவது மணி அடித்துவிடும். அதனால் அவன் மனசில் முதல் வரிதான் நின்றது. அதையே லிஃப்ட்டில் ஏறுகிறவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தான். கம்பிக் கதவைச் சாத்தியதும் தொடங்குவான், அவர்கள் இறங்கும் மாடி வருவதற்குள் முடித்துவிடுவான். அந்த ஆஸ்பத்திரியில் கதையின் முதல் வரியை மாடியால்தான் அளந்தார்கள். "இன்னிக்கு என்ன தம்பி, ஒரு மாடி வரியா, மூணு மாடி வரியா?" என்று கேட்டுக்கொண்டே ஏறுவார்கள். பிறகு அவர்களும் அலமாரியிலிருந்து எடுத்துப் படித்து, பதிலுக்கு ஒரு வரி கொண்டுவந்தார்கள்.

அதில் தவறாமல் வந்தவர்கள் இரண்டு பேர். மூன்றாவது மாடியில் படுக்கை விரிப்பும் போர்வையும் எண்ணிக் கொடுக்கிற துணியக்கா ஒருத்தி. முதல் மாடி எக்ஸ்ரேக்காரர் ஒருவர். 'கொள்ளைநோய் விழுந்த ஊரைவிட்டு எல்லாரும் ஓடிவந்துகொண்டிருந்த பாதையில், ஒரு பாதிரியார் மட்டும் தன் கழுதையை எதிர்ப்பக்கமாக ஓட்டிக்கொண்டு போனார்' என்று ஒருநாள் தம்பி சொன்னான்.

"போற மனுஷன் திரும்ப மாட்டார். கழுதை மட்டும் வரும்" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"ஏன்யா, நீ படம் எடுக்கிறவனா, குழி வெட்டுறவனா? எந்தக் கதையைச் சொன்னாலும் ஆளைச் சாகடிச்சுடுறே" என்றாள் துணியக்கா.

முடிவைச் சொல்லக் கூடாது என்பது சட்டம். சொன்னவர் ஒரு வாரம் படியேற வேண்டும். எக்ஸ்ரேக்காரர் இரண்டு முறை மாட்டி, மூச்சு வாங்க வாங்கப் படியேறிக்கொண்டே, லிஃப்ட் கடந்து போகிற சத்தம் கேட்டால் மரக் கதவுக்கு வெளியிலிருந்தே தம்பியைத் திட்டியிருக்கிறார்.

எந்த வரியும் முதலில் டெலிபோனில்தான் போகும். காலையில் லிஃப்ட்டைத் திறந்ததும் தம்பி கறுப்பு டெலிபோனை எடுப்பான், பெண்டாட்டிக்கு வரியைச் சொல்லுவான். அவள் "அப்புறம்?" என்று கேட்டால்தான் அது அன்றைக்கு லிஃப்ட்டில் ஏறும். "ம்" என்று மட்டும் சொன்னால் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். பிள்ளை இல்லாத வீடு. அந்தப் பேச்சை யாராவது எடுத்தால் அவள் ஒரு புத்தகத்தை எடுத்து விரித்துக்கொள்வாள். அந்த "அப்புறம்?" ஒன்றில்தான் அவர்கள் குடும்பம் நடந்தது.

அவளுக்கு வயிற்றில் கட்டி என்று சொன்னது அதே ஆஸ்பத்திரிதான். படம் எடுத்தவர் அதே எக்ஸ்ரேக்காரர்தான். அன்றைக்கு அவர் வேலை முடிந்து படியில் இறங்கிப் போனாராம், தம்பி முகத்தைப் பார்க்க முடியாமல். ஐந்தாவது மாடி வார்டுக்கு அவளை ஏற்றிக்கொண்டு போனது தம்பியே. தள்ளுகட்டிலில் மல்லாந்து படுத்தபடி, "இத்தனை வருஷத்துல இந்த லிஃப்ட்டோட கூரையை இப்பதான் பாக்கிறேன். ஒரு தடவைகூட இதுக்கு வெள்ளை அடிக்கலையா?" என்றாளாம். இவன் வழக்கமாக நிறுத்துகிற மாதிரி நிறுத்தத் தெரியாமல் ஒரு சாண் கீழே நிறுத்தி, மறுபடி ஏற்றினான்.

நான் பகல் நேரத்தில் அவளுக்குத் துணையாக இருந்தேன். கை நடுங்கியதால் அவளால் புத்தகத்தைப் பிடிக்க முடியவில்லை, மருந்தில் கண்ணும் மங்கிவிட்டது. யாராவது வாசித்தால்தான் உண்டு. அந்த வார்டில் துணியக்கா ஏற்கெனவே இரண்டு நோயாளிகளுக்குப் புத்தகம் கொடுத்திருந்தாள். ஒருத்தர் வாட்ச்மேனாக இருந்தவர், இன்னொருத்தி பள்ளிக்கூட டீச்சர். வாட்ச்மேன் புத்தகத்தை முடித்த அன்றைக்கே போய்விட்டார். சில நாள் கழித்து டீச்சரும் அப்படியே, மூடிய புத்தகம் நெஞ்சின் மேலேயே இருந்தது. எக்ஸ்ரேக்காரர் லிஃப்ட்டில், "நம்ம அலமாரிப் புத்தகத்துல கடைசிப் பக்கம்தான் டிக்கெட் போல. படிச்சு முடிச்சா ஏத்திவிட்டுடுறாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான்.

அந்தப் பேச்சு அவனுக்குள் போய் எலும்பில் ஒட்டிக்கொண்டது. அன்றையிலிருந்து வார்டுக்கு அவன் புத்தகம் கொண்டுவரவில்லை. முதல் வரியை மட்டும் மனப்பாடமாகக் கொண்டுவருவான்.

"அப்புறம்?" என்பாள்.

"அப்புறம் நாளைக்கு."

நாளைக்கு வேறொரு புத்தகத்தின் முதல் வரி வரும். முதலில் அவள் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். "உங்க தம்பி கடைக்குக் கூட்டிட்டுப் போய் வாசல்லயே நிறுத்திடுறார் அண்ணி" என்பாள். ஒருநாள் அவன் இந்த வரியைக் கொண்டுவந்தான்:

'சிறைக்காவலனின் மனைவி தினமும் ஏழு ரொட்டி சுட்டாள். சிறையில் இருந்தவர்களோ ஆறு பேர்.'

ஒரே மாடி வரி. அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஏழாவது ரொட்டி யாருக்கு?"

"நாளைக்கு" என்றான்.

"நாளைக்கெல்லாம் வேண்டாம். இந்த ஒண்ணை மட்டும் முழுசா வாசிங்க."

அவன் லிஃப்ட் மணி அடிப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனான். மணி எதுவும் அடிக்கவில்லை, எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அந்த ஏழாவது ரொட்டி வார்டு முழுக்கச் சுற்றியது. "சுட்டவளுக்குத்தான், அவளுக்குப் பசிக்காதா?" என்றார் எக்ஸ்ரேக்காரர். "காவலனுக்கு வெச்சிருப்பா" என்றாள் நர்ஸ். துணியக்கா அதைப் படித்தவள், அதனால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். "அவளுக்கு ஒரு பிள்ளை இருந்திருக்கும் அண்ணி. இப்ப இருக்காது" என்று என் தம்பி பெண்டாட்டி மெதுவாகச் சொன்னாள். நான் போர்வையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

தினமும் கேட்டாள். தினமும் அவன் வேறு வரி சொன்னான். புத்தகத்தை லிஃப்ட்டில் ஸ்டூலுக்குக் கீழே, எண்ணெய் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான். யாரும் அவளுக்கு வாசிக்கக் கூடாது என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் கெஞ்சினான். காரணம் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்து அவர்களும் சரியென்றார்கள்.

துணியக்காவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் புத்தகத்தை எடுத்து, மடித்த விரிப்புகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். விரிப்பு மாற்றுகிற சாக்கில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாசித்தாள். காவலனின் மனைவி இருட்டில் கூடையைத் தூக்கிக்கொண்டு சிறை வாசலைத் தாண்டி, நேரே நடந்து போகிறாள். எங்கே போகிறாள் என்பது வரப்போகிறது. கேட்டுக்கொண்டிருந்தவள் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ரத்தம் ஏறியிருந்தது. அந்த நேரம் பார்த்து இவன் உள்ளே வந்தான்.

புத்தகத்தைப் பிடுங்கினான். பெரிய குரல்காரன் அன்றைக்குக் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உனக்குப் பைத்தியமா தம்பி? ஒரு கதைதானே கேட்கிறா?" என்றாள் துணியக்கா.

"வாட்ச்மேனும் கதைதான் கேட்டார். டீச்சரும் கதைதான் கேட்டாங்க. முடிச்சாங்க, போயிட்டாங்க. இவ முடிக்க மாட்டா."

"இதுதான் உன் விசுவாசமா? ஜெப அறைப் புத்தகத்தை வெச்சுக்கிட்டு மந்திரவாதி மாதிரி பேசறே!"

"நான் என்னவா வேணா இருந்துட்டுப் போறேன்க்கா. நீங்க கீழ போங்க."

என் தம்பி பெண்டாட்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்காகவா?" என்றாள். கொஞ்சம் சிரிப்பு வந்தது அவளுக்கு. உடனே போய்விட்டது.

"நான் போகப்போறேன்னு எனக்குத் தெரியும்ங்க. அந்தப் பொம்பளை எங்க போறான்னுதான் தெரியலை."

"தெரியாமலே இரு. தெரிஞ்சுக்கணும்ங்கிற ஆசை இருக்கிற வரைக்கும் நீ இருப்பே."

"பட்டினி போட்டா ஆயுசு கூடுமா?"

அவன் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனான். துணியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சட்டமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். முடிவை நான் வாயால சொல்றேன், கேட்டுக்கோ. ஆயுசுக்கும் படியேறிட்டுப் போறேன்" என்றாள்.

"வேண்டாம்க்கா" என்றாள் அவள். "அவர் வாசிச்சாக் கேக்கிறேன். இல்லைன்னா அது எனக்கு வேண்டாம்."

மறுநாள் அவன் ஒரு நல்ல வரி கொண்டுவந்தான். கடல், புயல், கப்பலின் அடித்தட்டில் ஜெபிக்கிற அடிமைகள் என்று நீளமாக, ஐந்து மாடிக்கும் காணும். சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"அப்புறம் கேட்கலையே?" என்றான்.

"ம்" என்றாள்.

அதற்கு அடுத்த நாளும் "ம்". கஞ்சி வேண்டுமா என்றாலும் "ம்", ஜன்னலைச் சாத்தவா என்றாலும் "ம்". கல்யாணமான நாளிலிருந்து அவன் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து நின்றுபோனது. அவன் எதைப் பிடித்துக்கொண்டு அவளை நிறுத்திவைத்திருப்பதாக நினைத்தானோ, அதை அவனே அறுத்துவிட்டான் என்று அவனுக்குப் புரிய மூன்று நாலு நாள் ஆனது. ஒரு மத்தியானம் லிஃப்ட்டை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, புத்தகத்தைக் கையில் வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டு, படியேறி ஓடிவந்தான்.

"இந்தா, வாசிக்கிறேன். முதல்ல இருந்து வாசிக்கிறேன். கேளு."

அவள் அசையவில்லை. நான்தான் சொன்னேன். "காலையில வலி தாங்காம கத்தினாடா. டாக்டர் தூக்க மருந்தை ஏத்திட்டார். இனிமே அதை நிறுத்த மாட்டாங்களாம்."

நின்றான். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினான். காது கடைசிவரை கேட்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வாசித்தான். அவ்வளவு பெரிய குரலை அவள் காதளவுக்குச் சுருக்கி வாசித்தான். ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தான். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், அவ்வளவு சன்னமாக வாசித்ததில் கதையும் பிடிபடவில்லை. எனக்கு அவன் குரல்தான் கேட்டது. டீ டிராலி வந்து போனது. கடைசிப் பக்கத்தை வாசித்து மூடினான். மூடிவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வரப்போவதற்காகக் காத்திருந்தான்.

எதுவும் வரவில்லை. விளக்குப் போட்டார்கள். அவள் மூச்சு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலையிலும் இருந்தாள். "அக்கா, புத்தகம் முடிஞ்சும் இருக்கா பாருங்க!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். பல் தேய்க்காமல், சட்டை மாற்றாமல், அவ்வளவு சந்தோஷம். நர்ஸிடம் சொன்னான், தரை துடைக்கிறவளிடம் சொன்னான். அதற்கும் மறுநாள் இருந்தாள். அன்றைக்குத்தான் அவன் முகம் மாறியது. சுவரோரமாக அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான்.

"முடிஞ்சாலும் இருந்திருப்பாளே அக்கா. அப்ப நான் எதுக்குக் குடுக்கலை?"

நாலு பேர் சாவுக்குப் போய் நாலு வார்த்தை சொல்லிப் பழகியவள்தான் நான். அன்றைக்கு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த வாரம் முழுவதும் இருந்தாள். ஒரே ஒரு முறை கண் திறந்தாள். உதடு அசைந்தது. அவன் பாய்ந்து குனிந்தான். அவள் கேட்டது தண்ணீர். பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தான். மறுபடி திறக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தாள்.

அவளைக் கீழே இறக்கும்போது வேறொருவர் லிஃப்ட்டை ஓட்டினார். பத்து நாள் கழித்து அவன் வேலைக்குத் திரும்பினான். புதிதாக டெலிபோன் ரூமுக்கு வந்த பெண், லிஃப்ட் சரியாக இருக்கிறதா என்று கேட்கக் கறுப்பு டெலிபோனில் கூப்பிட்டாளாம். எடுத்தவன் பேசாமலே வைத்துவிட்டான். எக்ஸ்ரேக்காரர் ஏறி, என்ன பேசுவதென்று தெரியாமல், "என்ன தம்பி, ஒரு வரி..." என்றார். "எந்த மாடி?" என்றான் இவன். அதற்குப் பிறகு ஏறுகிறவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டே போய் இறங்கினார்கள்.

அவனுக்கு நான் மத்தியானச் சோறு கொண்டுபோன ஒரு நாளில் துணியக்காவும் லிஃப்ட்டில் ஏறினாள். கை நிறைய விரிப்பு.

"வாசிச்சியாமே தம்பி, முழுசா" என்றாள்.

"வாசிச்சேன்க்கா."

"அந்த ஏழாவது ரொட்டி..."

"தெரியாது."

"என்ன தெரியாது? நீதானே வாசிச்சே?"

"வாய் வாசிச்சுது. கண்ணு அவ நெஞ்சுமேலதான் இருந்துச்சு, மூச்சு நின்னுடுமோன்னு. ஒரு எழுத்துகூட உள்ள போகலை."

துணியக்கா விரிப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நான் சொல்லட்டுமா?"

அவன் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினான். லிஃப்ட் ஏறத் தொடங்கியது. இரண்டாவது மாடி கீழே போனது.

"அது அவ காதுக்குப் போய்ச் சேர்ந்துச்சான்னே தெரியலை. நான் மட்டும் தெரிஞ்சுக்கிட்டு என்னக்கா பண்ணப் போறேன்?" என்றான். "மூணாவது மாடி வந்துடுச்சு. இறங்குங்க."